எலும்பைக் காட்டினால்தான் நோய் புரியுமா? டிவி படங்களும் அனோரெக்ஸியாவும்

ஒரு பொண்ணு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். கேமரா அவள் முதுகெலும்பு மேல் மெதுவாக ஊர்கிறது. அடுத்த ஷாட், எடை மெஷின். உணவுக் கோளாறு பற்றிய படம் என்றாலே இந்தக் காட்சி நமக்குப் பழகிப்போச்சு.

1981-இல் அமெரிக்காவின் ஏபிசி சேனல், ‘தி பெஸ்ட் லிட்டில் கேர்ள் இன் தி வேர்ல்ட்’ படத்தை டிவிக்காகவே எடுத்து ஒளிபரப்பியது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோயான அனோரெக்ஸியா, பல வீடுகளில் பெயர்கூடத் தெரியாமல் இருந்த காலம். நாயகி ஜெனிஃபர் ஜேசன் லீ, வேடத்துக்காக நிஜமாகவே எடையைக் குறைத்தார். எத்தனை கிலோ என்று நெட்டில் கிடைக்கும். இங்கே வேண்டாம், காரணம் இருக்கு.

மூல நாவலை எழுதியவர் ஸ்டீவன் லெவன்க்ரான் என்ற சிகிச்சையாளர். 1982-இல் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் பாடகி காரன் கார்பென்டர். 1983 பிப்ரவரியில், 32 வயதில், அவரது இதயம் நின்றுபோனது. 1989-இல் சிபிஎஸ் அந்த வாழ்க்கையையும் டிவி படமாக்கியது.

சரி, எடையை ஏன் சொல்லக்கூடாது? நோயில் இருப்பவருக்கு அந்த எண் எச்சரிக்கை இல்லை, டார்கெட். ‘அவ அவ்வளவு குறைச்சாளா, நான் இன்னும் குறைக்கலையே’ என்று மனசு கணக்குப் போடும். சாப்பாட்டை எங்கே ஒளித்தாள், எப்படி வாந்தி எடுத்தாள் என்று விலாவாரியாகக் காட்டுவதும் அப்படித்தான். அம்மாவுக்கு அது துப்பு, பொண்ணுக்கு டியூஷன். பிரிட்டனின் ‘பீட்’ அமைப்பு, எடை, கலோரி எண்களையும் மெலிந்த உடலின் படங்களையும் தவிர்க்கும்படி ஊடகங்களிடம் கேட்பது இதனால்தான்.

எலும்பு தெரிந்தால்தான் நோய் என்று நாமும் நம்பிவிடுகிறோம். அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு அதை வெளியேற்றும் புலிமியா உள்ளவர்களில் பலர், பார்க்க சாதாரண எடையில்தான் இருப்பார்கள். 1986-இல் என்பிசி-யின் ‘கேட்ஸ் சீக்ரெட்’, ஓர் இல்லத்தரசியை வைத்து புலிமியாவைப் பேசியது.

1994-இல் வந்த ‘ஃபார் தி லவ் ஆஃப் நான்ஸி’ கொஞ்சம் வேற மாதிரி. அதில் நடித்த ட்ரேஸி கோல்டு, தானே அனோரெக்ஸியாவில் சிக்கியவர். அதற்கு முன் அவர் நடித்த ‘க்ரோயிங் பெயின்ஸ்’ காமெடி சீரியலில், அண்ணன் பாத்திரம் தங்கையைக் குண்டு என்று கிண்டலடிக்கும் ஜோக்குகள் எழுதப்பட்டன. அந்தத் தங்கையாக நடித்தவர் இவர்தான்.