எண்ணெய் மேலே ஏறியதா?

பழைய ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க இளைஞர்கள் பலர் ஆசைப்படுகிறார்கள். தொழிற்பயிற்சி மாணவனான எனக்கும் அதில் தனி ஆர்வம் உண்டு. ஆனால், இன்ஜின் உயிர்பெற்றவுடன் சாலையில் இறங்கிவிடக் கூடாது என்பதே பட்டறையில் நான் கற்ற முதல் பாடம்.

எண்ணெய் அடியில் தேங்கியிருக்கும். கேம் ஷாஃப்ட்டும் ராக்கர் ஆர்ம்களும் மேலே சிலிண்டர் ஹெட்டில் இயங்கும். பம்ப் தள்ளினால்தான் எண்ணெய் அங்கே எட்டும். கேஸ்கெட்டைத் தவறாகப் பொருத்தினாலோ, கேஸ்கெட் பசை வழிந்து துளையை அடைத்தாலோ, அளவுக்கோல் சரியாகக் காட்டினாலும் மேற்பகுதி வறண்டே கிடக்கும்.

எனவே, பொருத்தும்போதே கேம் ஷாஃப்ட்டில் சுத்தமான எண்ணெயைத் தடவிவிடுங்கள். பிறகு சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கரைப் பல முறை மிதியுங்கள். பிளக்கை மாட்டி, வால்வு மூடியைத் திறந்து, இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள். கண்ணாடி அணிந்து, சற்று விலகி நின்று பாருங்கள். ராக்கர் ஆர்மில் புது எண்ணெய் தொடர்ந்து கசிந்தால் நல்லது. ஒரு நிமிடத்திற்குள் வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். பம்ப்பையும் வடிகட்டியையும் எண்ணெய்ப் பாதையையும் சோதியுங்கள்.

பல குடும்பங்களில் அப்பா வேலைக்குப் போவது இந்த வண்டியில்தான். வறண்டு ஓடினால் புதிய கேம் ஷாஃப்ட்டும் வீணாகும், சம்பளப் பணமும் கரையும். ஒரு நிமிடப் பொறுமை இரண்டையும் காக்கும்.