இலையோட வாங்க... பதிலோட போங்க!

எதிர்வீட்டு அக்காவோட செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதோ அப்பியிருக்கு. 'நீதான் காலேஜ் படிக்கிறியே, இது என்னன்னு சொல்லேன்'னு கேட்கிறாங்க. நீங்க என்ன செய்வீங்க? தலையைச் சொறிவீங்க! அவங்க நேரா உரக்கடைக்குப் போய், கிடைச்ச பாட்டிலை வாங்கிட்டு வந்து, அளவு தெரியாம அடிச்சுத் தள்ளுவாங்க. பூச்சி மட்டுமா சாகும்? பூ தேடி வர்ற தேனீயும் சேர்ந்துதான்.

இதே தலைவலி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டில், டகோமா பக்கம் வந்தது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்க அலுவலர்களுக்கு வீட்டுத் தோட்டக்காரங்ககிட்ட இருந்து போன் மேல போன். இருக்கிற நாலு பேர் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும்? டேவிட் கிப்பி, பில் ஷியர் என்ற ரெண்டு அலுவலர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தோட்ட ஆர்வம் உள்ளவங்களுக்குப் பாடம் நடத்துறது. பதிலுக்கு அவங்க கத்துக்கிட்டதை ஊர் ஜனங்களுக்குச் சொல்றது. சிம்பிள்!

1972-ல் டகோமாவில் ஒரு ஷாப்பிங் மால்ல மேஜை போட்டு, செடிகளுக்கு 'கிளினிக்' நடத்திப் பார்த்தாங்க. ஜனங்க வாடின இலையும் கையுமா வந்து நின்னாங்க. 1973-ல் முதல் செட் தன்னார்வலர்கள் தயார். பேரு, 'மாஸ்டர் கார்டனர்'. இன்னிக்கு அமெரிக்கா முழுக்கப் பரவி, கனடா வரைக்கும் போயாச்சு.

அவங்க பயிற்சியில் நாம சுட்டுக்க வேண்டிய விஷயங்கள் மூணு:

* முதல்ல கேளு, அப்புறம் சொல்லு. தண்ணி குறைஞ்சாலும் செடி வாடும். அதிகமாகி வேர் அழுகினாலும் வாடும். தொட்டியில் ஓட்டை இருக்கா, வெயில் எவ்வளவு நேரம்னு கேட்காம 'தண்ணி ஊத்துங்க'ன்னா, செடி க்ளோஸ்!

* தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. ஆராய்ச்சியில் நிரூபிச்சதைத்தான் சொல்லணும். மத்ததுக்கு, 'பார்த்துச் சொல்றேன்'தான் பதில். சொன்னபடி பார்த்துச் சொல்லவும் வேணும்.

* பட்டத்தை விற்காதே. 'மாஸ்டர் கார்டனர்'னு போர்டு மாட்டி பிசினஸ் பண்ணக் கூடாது.

'அதெல்லாம் அமெரிக்கா பாஸ்'னு ஒதுங்காதீங்க. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் ஆரம்பிச்சது எங்கே தெரியுமா? நம்ம புதுச்சேரியில்! அதுவும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில். இன்னிக்கு நாடு முழுக்க 700-க்கும் மேல இருக்கு. சொல்லித்தர ஆள் இருக்காங்க. கேட்டு வந்து தெருவில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் நீங்களா இருக்கலாமே! என்.எஸ்.எஸ்-ல வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்யணும்ல? அதில் கொஞ்சத்தை இதுக்கு ஒதுக்குங்க. பத்துப் பேர் சேர்ந்து பக்கத்து நிலையத்தில் பயிற்சி கேளுங்க. உங்க ஏரியாவில் ஜாஸ்தி இருக்கிற அஞ்சு செடி, அதுக்கு வர்ற அஞ்சு நோய்... ஆரம்பத்துக்கு இது போதும். அப்புறம் ஞாயித்துக்கிழமை காலையில் காய்கறிச் சந்தை வாசலில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு லென்ஸ். 'இலையோட வாங்க'ன்னு ஒரு அட்டை. கேட்ட கேள்வியையெல்லாம் நோட்டில் எழுதி வைங்க. அடுத்த பேட்ச்சுக்கு அதுதான் பாடப் புத்தகம்.

இன்னொண்ணு, மேஜைக்கு வர்ற பாட்டிகிட்ட நீங்களும் நாலு கேள்வி கேளுங்க. அவரைக்கு எப்போ விதைக்கணும், விதையை எப்படிச் சாம்பலில் புரட்டி வைக்கணும்னு அவங்க சொல்வாங்க. அதையும் குறிச்சு வைங்க. நாம விட்டுட்டா, அது அவங்களோடயே போயிடும்.

சரி, எதிர்வீட்டு அக்கா இன்னும் வாசலில் காத்திருக்காங்க. அது மாவுப்பூச்சி. தண்ணியை வேகமா பீய்ச்சியடிச்சுக் கழுவச் சொல்லுங்க. ரொம்ப அப்பின கிளையை வெட்டிடலாம். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயந்திரமா தெளிக்கணும். செடியில் எறும்பு ஊருதான்னும் பார்க்கச் சொல்லுங்க. மாவுப்பூச்சி விடுற இனிப்புக்காக அதைப் பாதுகாக்கிறதே எறும்புதான்!

சொல்லிட்டீங்களா? முதல் கிளினிக் முடிஞ்சது. அடுத்த பேஷன்ட் ப்ளீஸ்!