நின்ற பொறி: படைத்துறை மிகையூர்திகளைப் பழுது நீக்கும் முறை

பொறி ஒன்றுக்கு நேரும் கேடுகள் இருவகைப்படும். இயங்குவதால் நேர்வது இயங்குகேடு. இயங்காது நிற்பதால் நேர்வது நிலைக்கேடு. உராய்வால் தேய்தலும் அதிர்வால் தளர்தலும் முன்னதன்பாற் படும். துருப்பிடித்தல், நெய் கெடுதல், இரப்பராகிய தொய்வம் பிளத்தல், காந்தம் குன்றுதல் ஆகியன பின்னதன்பாற் படும். சாலையில் நாள்தோறும் ஓடும் ஊர்தியைப் பேணுவோர் முதல்வகையையே பெரிதும் அறிவர். படைத்துறையினர் தம் தேவைக்கு மிஞ்சியவையென ஏலத்தில் விடும் சரக்குந்துகளும் மின்னாக்கிகளுமோ பெரும்பாலும் இரண்டாம் வகைக்கு இரையானவை. குறைந்த தொலைவே ஓடி, நெடுங்காலம் வரிசையாய் நின்றவை அவை. ஆதலின், ஓட்டக்கணக்கு சிறிதாயிருப்பதைக் கண்டு மகிழ்ந்து வாங்குவோர், அச்சிறுமையே நோயின் முதற்குறி என்பதை உணரவேண்டும்.

அமெரிக்கப் படையின் எம்-35 வரிசைச் சரக்குந்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இலான்சிங் நகரின் ரியோ நிறுவனம் 1950-ஐ ஒட்டி இதனை உருவாக்கியது. கரடுநிலத்தில் இரண்டரை டன்னும் நற்சாலையில் அதன் இருமடங்கும் சுமப்பதற்கென அமைந்த மூன்றச்சு ஊர்தி இது. இதன் ‘ஏ2’ வகையில் அமைந்த ஆறுருளைப் பொறியின் கொள்ளளவு 7.8 லிட்டர். டீசலேயன்றி மண்ணெண்ணெய், வானூர்தி எரிநெய், கன்னெய் எனத் தமிழில் வழங்கும் பெட்ரோல் ஆகியவற்றையும் ஏற்று இயங்குவதால் இதனைப் பன்னெய்ப் பொறி எனலாம்.  

பன்னெய்மைக்கு அடிப்படை, செருமனியின் மான் நிறுவனத்தில் சீக்ஃபிரீட் மாய்ரர் 1950-களில் உருவாக்கிய எரிமுறை. பொதுவான டீசல் பொறியில் எரிநெய் காற்றினுள் நுண்துளிகளாகத் தூவப்படும். மாய்ரரின் முறையிலோ, உந்துருளையின் தலையில் உருண்டையாகக் குடைந்த கிண்ணத்தின் சுவர்மீது எரிநெய்யின் பெரும்பகுதி படலமாய்ப் படியும். சுழன்று வரும் வெப்பக்காற்று அப்படலத்தைச் சிறிது சிறிதாக ஆவியாக்கி எரிக்கும். எரிதல் ஒரேயடியாக நிகழாது ஆவியாதலின் ஒழுங்குக்குக் கட்டுப்படுவதால், எளிதில் தீப்பற்றும் நெய்யும் பற்றத் தயங்கும் நெய்யும் ஒரே உருளைக்குள் அமைதியாய் எரிகின்றன. இதற்கென ‘ஏ2’ வகைப் பொறியில் காற்று 22 மடங்கு இறுக்கப்படுகிறது. சபல்பூரில் கட்டப்பெற்ற இந்தியப் படையின் சக்திமான் சரக்குந்தும் இதே மான் நிறுவனத்தின் உரிமத்தில் பிறந்ததே.

பன்னெய் என்பதற்கு எதனையும் ஊற்றலாம் என்பது பொருளன்று. எரிநெய்யைப் பீச்சும் எக்கியின் உறுப்புகள் அந்நெய்யாலேயே மசகிடப்படுகின்றன. மசகுத்தன்மை குன்றிய கன்னெய்யை மட்டும் நெடிது புகட்டினால் எக்கி தேயும். நின்ற வண்டியில் இதனினும் பெரிய பகை நீர். எரிநெய்க் கலத்தின் காலியிடத்துக் காற்றிலுள்ள ஈரம் இரவின் குளிர்ச்சியில் துளியாகி அடியில் தேங்க, நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரும்பாசி போன்ற கசடாகும். முதற்பணியாக வடிப்பானின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் பார்க்க வேண்டும். சற்றுநேரம் அசையாது வைத்தால், மேலே தேன்நிறத்தில் டீசலும், கீழே நிறமற்ற நீரும், இடையே நூலிழை போன்ற கரும்படலமும் தனித்தனியே தெரியும். அந்த இழை தெரிந்தால் வடிப்பானை மாற்றுவது மட்டும் போதாது. கலத்தையே இறக்கிக் கழுவ வேண்டும்.

நான் மிகுதியும் வற்புறுத்த விரும்புவது தடுப்பியைப் பற்றியே. ஓடாத வண்டி வீட்டில் நிற்கும். நில்லாத வண்டி உயிரைக் கொல்லும். ‘ஏ2’ வகையில் மிதியை அழுத்தினால் தலையுருளை தடுப்புநெய்யை உந்தும். வளித்துணை என்னும் காற்றழுத்தக் கருவி அவ்வுந்தலைப் பெருக்கும். பெருகிய அழுத்தம் ஆறு சில்லுருளைகளுக்கும் பாயும். ஆறும் ஒரே நெய்த்தடத்தில் இணைந்திருப்பதுதான் இவ்வமைப்பின் குறை. ஓர் உருளையின் தொய்வ அடைப்பி கிழிந்தாலும் மிதி தரைவரை இறங்கிவிடும். ஆறு தடுப்பிகளும் ஒருங்கே இழக்கப்படும். இக்கால ஊர்திகளில் தடங்கள் இரண்டாகப் பிரிந்திருப்பது இவ்விடரை நீக்கவே.

நிலைக்கேடு தாக்குவதும் இவ்விடத்தையே. கிளைகோல் வகைத் தடுப்புநெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உருளையின் உட்சுவரை அரிக்கும். அமெரிக்கப் படை பின்னர் ஏற்ற சிலிக்கோன் வகை ஈரத்தை உறிஞ்சாது. ஆயினும் உட்புகுந்த நீர் அதனுடன் கலவாமையால் தாழ்ந்த இடத்தில் தங்கி அங்கேயே குழி பறிக்கும். எனவே இரண்டனுள் எது ஊற்றப்பட்டிருப்பினும், சில்லைக் கழற்றித் தடுப்புமேளத்தை நீக்கிச் சில்லுருளையின் தொய்வ உறையை விரல்நுனியால் சற்றே விலக்கிப் பார்த்தல் வேண்டும். உள்ளே உலர்ந்த தூசி இருப்பின் நன்று. ஈரம் மின்னினால் அவ்வுருளையை மாற்றுக. இவ்விரு நெய்களையும் ஒருபோதும் கலத்தல் ஆகாது.

சில்லைக் கழற்றுமிடத்து இரு செய்திகள் நினைவிற்குரியன. இடப்பக்க மரையாணிகள் இடமரை கொண்டவை. வலப்பக்கத்தைப் போலவே திருப்ப முயன்றால் ஆணி முறியுமேயன்றிக் கழலாது. சில்லின் விளிம்பு பூட்டு வளையத்தால் பூட்டப்பட்டிருப்பதால், காற்று நிரப்பும்போது வளையம் சரியாகப் பொருந்தாவிடின் அது எறிபடை போலப் பாயும். இரும்புக் கூண்டினுள் வைத்தே காற்று நிரப்புதல் வேண்டும்.

மின்னமைப்பு 24 வோல்ட்டு. 12 வோல்ட்டு மின்கலம் இரண்டு தொடராய் இணைந்தது. வானொலிக்கென ஒரு கலத்திலிருந்து மட்டும் 12 வோல்ட்டு எடுப்பார் பலர். அதனால் ஒரு கலம் பசித்தும் மற்றது மிகையுண்டும் இரண்டுமே கெடும். இவ்வமைப்பில் நான் வியந்து போற்றுவது ஒன்றுண்டு. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் மெல்லிய மாழைப்பட்டை ஒன்று சுற்றி, அதில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண் கையேட்டின் படத்திலும் இருக்கும். கம்பியின் நிறம் மங்கினும், மேலே பச்சைச்சாயம் பூசப்பட்டிருப்பினும், எண் அழியாது. இவ்வூர்தியை முன்பின் பாராத இளம்படைஞன் ஒருவன், இருளில், சேற்றில், கைவிளக்கொன்றின் துணையால் பழுதைக் கண்டறியவேண்டும் என்ற ஒரே நோக்கு, ஆணி முதல் எண்பட்டை வரை ஒழுங்காய் ஓடிக்கிடக்கிறது.

இனி மின்னாக்கி. அமெரிக்கப் படையின் எம்.இ.பி.-003ஏ என்பது 10 கிலோவாட்டு ஆற்றல் தரும். நான்குருளை டீசல் பொறி, காற்றால் குளிர்வது. காந்தமுனைகளின் எண்ணிக்கையை மணித்துளிச் சுற்றுகளால் பெருக்கி 120-ஆல் வகுத்தால் அலைவெண் கிடைக்கும். நான்கு முனையும் 1800 சுற்றும் சேர்ந்து நொடிக்கு 60 அலைவு. அமெரிக்காவின் அளவு அது. நம் நாட்டின் அளவு 50 ஆதலால் சுற்றை 1500-க்குத் தாழ்த்தினால் அலைவெண் பொருந்தும். ஆனால் ஆற்றலும் குன்றும், விசிறியும் தளரும்.

நெடிது நின்ற மின்னாக்கியின் தனிநோய் காந்தக்குறை. மின்னாக்கம் தொடங்க இரும்பகட்டில் எஞ்சிய சிறுகாந்தம் வேண்டும். அதுவும் மறைந்தால் பொறி முழங்கியும் அளவியின் முள் அசையாது. கையேடு காட்டும் முறையில் புலச்சுருளுக்கு மின்கலத்திலிருந்து ஒரு நொடி மின்னூட்டினால், எச்சக்காந்தம் மீளும். முள் மெல்ல எழுந்து தன் இடத்தில் நிற்கும். இயங்கும் மின்னாக்கிக்கோ நேர்மாறான நோய், குறைசுமை. ஏற்புச்சுமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கிற்குக் கீழே நெடுநேரம் ஓடினால் உருளை போதிய வெப்பம் பெறாது. எரியா நெய் புகைக்குழலில் கருஞ்சேறாய் வழியும். பழுதென எண்ணிப் பொறியைப் பிரிப்பார் உளர். பிரிக்க வேண்டா, மின்னடுப்பு போன்ற சுமைகளை இணைத்து, முழுச்சுமையை நெருங்கச் சில மணிநேரம் ஓடவிட்டால் அச்சேறு எரிந்து நீங்கும்.

பட்டறைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நின்ற பொறியொன்றைத் திறக்கும் நாளில், திறந்த நாளையும், கண்ட கேட்டையும், ஊற்றிய நெய்யின் வகையையும், மணிக்கணக்கியின் எண்ணையும் ஓர் அட்டையில் தமிழில் எழுதி அப்பொறியிலேயே கட்டுங்கள். அடுத்துத் திறப்பவர் அதைப் படித்தே தொடங்குவார்.