கொடுவா வளர்ப்பும் ஏழையின் மீனும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த முட்டுக்காடு இருக்கிறது. அதன் உப்பங்கழி ஓரத்தில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தாரின் சோதனைப் பண்ணை நடந்து வருகிறது. 1997-ம் வருஷத்தில் இந்நிறுவனத்தார் கொடுவா மீனைத் தொட்டியில் வளர்த்து, முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்கச் செய்தனர். இந்தியாவில் அதுவே முதன் முறை. நம் நாட்டு விஞ்ஞானிகளின் இவ்வெற்றியை நாம் மனமுவந்து பாராட்டுகிறோம்.

ஆனால், பாராட்டுவதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. கொடுவா பாசி தின்று வளரும் மீனன்று; பிற மீன்களை விழுங்கி வாழ்வது. குஞ்சுப் பருவத்தில் தன் இனத்தையே விழுங்கிவிடும். ஆகையால் பெரியதையும் சிறியதையும் அடிக்கடி பிரித்து விட வேண்டியிருக்கிறது. இதற்குச் சிறு மீனையே இரையாக இட்டால், ஒரு கிலோ கொடுவாவுக்குப் பல கிலோ சிறு மீன் செலவாகும். தயாரித்த தீவனத்திலும் மீன்தூள் சேருகிறது. கடல் மீனைக் காப்பதற்கென்று தொடங்கிய தொழில் கடல் மீனையே தின்னுமானால், அதை வளர்ச்சி என்பதா, வெறும் பண்டமாற்று என்பதா?

மத்தியும் நெத்திலியும் காரப்பொடியும் கூலிக்காரர் வீட்டுக் குழம்புக்கு உரியவை. கருவாட்டுக் கூடை சுமக்கும் மீனவப் பெண்களின் பிழைப்பும் அவற்றிலேயே இருக்கிறது. மீன்தூள் ஆலைக்காரரும் கருவாட்டுக்காரியும் ஒரே படகின் முன் நின்று விலை கேட்டால், யார் ஜெயிப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ?

இறால் பண்ணை விஷயத்தில் நாம் பெற்ற பாடம் மறக்கத்தக்கதன்று. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், பழைய முறைக் குட்டைகள் நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இறால் குட்டைகள் கூடாதென்று தீர்ப்பளித்தனர். 2005-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றிப் பண்ணைகளைப் பதிவுக்கு உட்படுத்தியது. அதாவது, கேடு முந்திற்று, சட்டம் பிந்திற்று.

கொடுவா விஷயத்திலாவது யோசனை முந்தட்டும். மனிதர் உண்ணத்தக்க மீனைத் தூளாக்கலாகாது. மீன் வெட்டுமிடங்களில் வீணாகும் தலையும் குடலும், பிண்ணாக்கும், புழுப்பூச்சிகளும் தீவனமாக வேண்டும். குட்டைக் கழிவு நீரைச் சுத்திகரியாமல் கழியில் விடலாகாது. கூண்டும் குஞ்சும் முதலில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கே கிடைக்க வேண்டும். இவற்றைச் சர்க்கார் செய்யட்டும்; கொடுவா வளர்ப்பை நாமும் முழுமனதுடன் ஆதரிப்போம். செல்வர் தட்டில் ஒரு மீன் ஏறுவதற்காக ஏழையின் சட்டியில் பத்து மீன் குறைவதை மட்டும் நாம் ஒருநாளும் சம்மதியோம்.