‘நம் பள்ளி’ என்னும் உணர்வு

பள்ளியில் சேர்ந்த குழந்தை அப்பள்ளியைத் தன்னுடையது என்று கருதுகிறதா? சேர்க்கைப் பதிவேடு இக்கேள்விக்கு விடை கூறுவதில்லை. பதிவேட்டில் பெயர் ஏறியதும் நிருவாகத்தின் கடமை முடிந்துவிட்டதாகத் தோன்றலாம். குழந்தையின் சோதனையோ அன்றுதான் தொடங்குகிறது. அருகில் யார் அமர்வார்கள், விளையாட்டில் யார் சேர்த்துக்கொள்வார்கள், தவறான விடை சொன்னால் வகுப்பு சிரிக்குமா என்பனவே அதன் கவலைகள். இக்கவலைகள் தீராத குழந்தை பாடத்தில் மனம் செலுத்துவது அரிது. நாளடைவில் அது பள்ளிக்கு வருவதையே தவிர்க்கவும் கூடும்.

பிறர் உணர்வை அறிதல், தன் சினத்தை அடக்குதல், கூடிப் பணி செய்தல், பிணக்கைப் பேசித் தீர்த்தல் ஆகிய பண்புகளை வளர்ப்பதே சமூக, மனவெழுச்சிக் கல்வி எனப்படுவது. இது ஒழுக்கப் பாடநூலின் ஓர் அத்தியாயத்தோடு முடிந்துவிடுவதன்று. பள்ளியின் அன்றாட நடைமுறையிலேதான் இதற்கு வேர் இருக்கிறது.

சட்டம் வகுத்த வழி

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலாக, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் முதல் வகுப்பில் குறைந்தது 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு அளித்தல் வேண்டும். இவ்விதியின் செல்லுபடியை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் உறுதி செய்தது.

சட்டம் இடம் அளிப்பதோடு நின்றுவிடவில்லை. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அச்சமும் கலக்கமும் இன்றிக் குழந்தை தன் கருத்தை வெளியிட உதவுதல் பாடத்திட்டத்தின் இலக்குகளுள் ஒன்று என்கிறது 29ஆம் பிரிவு. ஆகவே, குழந்தையின் மனநிலை ஆசிரியரின் கருணையைப் பொறுத்ததன்று. அது சட்டத்தின் அக்கறைக்கு உரியது.

தில்லி தந்த சான்று

வசதியுள்ளோரும் இல்லாதோரும் ஒரே வகுப்பில் பயின்றால் இரு சாராருக்கும் சங்கடமே விளையும் என்ற ஐயம் பெற்றோரிடையே உண்டு. இதனை ஆராய்ந்து பார்க்கத் தில்லியில் வாய்ப்புக் கிட்டியது. அங்கு உயர்தரத் தனியார் பள்ளிகள் பல, 2007ஆம் ஆண்டு முதல் ஏழைக் குழந்தைகளுக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று. பொருளியலறிஞர் கௌதம் ராவ் இப்பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று.

ஏழைக் குழந்தைகளுடன் பயின்ற வசதியுள்ள மாணவர்கள், அவ்வாறு பயிலாதவரைவிட ஈகைக் குணம் மிக்கோராக இருந்தனர். தொடர் ஓட்டத்திற்குத் துணைவரைத் தெரிவு செய்கையில், விரைந்து ஓடும் ஏழை மாணவனை ஒதுக்கும் போக்கு அவர்களிடம் குறைந்திருந்தது. படிப்பில் ஏற்பட்ட மாறுதலோ பெரிதன்று. ஆங்கிலத்தில் சிறிதளவு தளர்ச்சி தென்பட்டது. இந்தியிலும் கணக்கிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

இந்த மாற்றத்திற்கு வழி செய்தது நேர்ப்பழக்கமே. சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டிருந்தன. அவ்வாறு ஒரே குழுவில் சேர நேர்ந்த மாணவர்களிடம் இம்மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பெயர்ப்பட்டியலை எவ்வாறு பிரிப்பது என்ற சிறு முடிவுக்கும் இத்துணை ஆற்றல் உண்டு.

கூடியிருத்தலும் கூடி உழைத்தலும்

எனினும் எல்லாப் பழக்கமும் நட்பாக மலர்வதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளைச் சேர்ந்த இளைஞர்களைக் கொண்டு மேத்யூ லோ என்னும் ஆய்வாளர் கிரிக்கெட் போட்டிகளை நடத்தி ஆராய்ந்தார். ஒரே அணியில் ஆடியவரிடையே சாதி கடந்த நட்பு பெருகிற்று. எதிரணியினராக மட்டும் சந்தித்தவரிடையே அப்பயன் விளையவில்லை. நெருக்கம் குறையும் போக்கே காணப்பட்டது. பொதுக் குறிக்கோள் மக்களை இணைக்கிறது. வெறும் போட்டி பிரிக்கிறது.

மதிப்பெண் வரிசையை மட்டுமே போற்றும் வகுப்பறை, குழந்தைகள் அனைவரையும் எதிரணியினர் ஆக்கிவிடும் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் நலம்.

பள்ளியில் செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அமரும் இடத்தை வாரந்தோறும் மாற்றலாம். சட்டாம்பிள்ளைப் பொறுப்பையும், தோட்டம், நூலகம், வழிபாட்டுக் கூட்டம் ஆகியவற்றின் பணிகளையும் எல்லாருக்கும் முறை வைத்து வழங்கலாம். துப்புரவு வேலையை ஒரு சாதிக் குழந்தைகளுக்கோ சிறுமியருக்கோ மட்டும் ஒதுக்குதல் கூடவே கூடாது. கட்டணம் செலுத்தாத குழந்தையை அப்பிரிவின் பெயரால் அழைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை தன் மொழியில் முதலில் விடை சொல்ல இடமளித்தால் அதன் நா கட்டவிழும்.

மதிய உணவும் இத்தகைய பாடமே. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. சமைத்தவர் யார் என்று வினவாமல் ஒரே பந்தியில் உண்ணும் பிள்ளைகள், சமத்துவத்தைப் பழக்கத்தினாலேயே கற்கின்றனர். பந்தி பிரிந்த பள்ளியில் எந்த நீதிபோதனையும் பயன் தராது.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் நர்சரி முதல் 8ஆம் வகுப்பு வரை மகிழ்ச்சிப் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. அமைதியாக அமர்தல், கதை, உரையாடல் ஆகியவை அதில் இடம்பெற்றன. இத்தகைய தனிப் பாடவேளை நன்றே. ஆனால் அப்பாடவேளையில் அன்பைப் போதித்து, அடுத்த பாடவேளையில் குழந்தையை ஏளனம் செய்தால் முன்னது வீணாகும்.

மேற்பார்வையாளர் காண வேண்டியவை

பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் வருகைப் பதிவேட்டையும் தேர்ச்சி விகிதத்தையும் காண்கிறார். அவற்றோடு, இடைவேளையில் சிறிது நேரம் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் பதிவேடுகள் கூறாத செய்திகள் பல விளங்கும். தனித்து நிற்கும் குழந்தை யார்? பந்தியில் இடைவெளி விட்டு அமர்வோர் யார்? அடிக்கடி வராதிருப்போர் எப்பிரிவினர்? இவ்வினாக்களை அவர் தலைமையாசிரியரிடம் எழுப்பும் அன்று, அவையும் பள்ளியின் பொறுப்பாகிவிடும்.

பள்ளியின் கதவு அனைவருக்கும் திறந்திருப்பது முதற்படி. உள்ளே வந்த குழந்தைக்கு அருகில், ‘இங்கே உட்கார்’ என்று நகர்ந்து இடம் கொடுக்கும் மற்றொரு குழந்தை இருத்தல் வேண்டும். அத்தகைய குழந்தையை உருவாக்குவதும் கல்வியின் பணியே.