அந்தப் படத்தை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள்

பி.எட். கற்பித்தல் பயிற்சிக்காக மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரு திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் வழக்கமான சத்தமே இல்லை. ஒரு மாணவி பெஞ்சில் தலை கவிழ்ந்து கிடந்தாள். ஆண்டுவிழாப் படத்திலிருந்து அவள் முகத்தை எடுத்து, ஆடையில்லாத வேறோர் உடம்பில் பொருத்தி, யாரோ இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார்கள். யார் அனுப்பியது என்று கேட்டால், "குரூப்ல வந்துச்சு மிஸ்" என்பதுதான் எல்லோருடைய பதிலும்.

அதன் பிறகு பெரியவர்கள் செய்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஆதாரத்துக்கு வேணும், எனக்கு அனுப்பு" என்று ஓர் ஆசிரியை தன் எண்ணைக் கொடுத்தார். அங்கிருந்து அது ஆசிரியர்கள் குழுவுக்குப் போனது. மதியத்துக்குள் எல்லோரையும் அழிக்கச் சொன்னார்கள். மாலையில் பெற்றோரை வரவழைத்து, "போலீசுக்குப் போனா உங்க பொண்ணு பேருதான் கெடும்" என்றார்கள். பரப்பியதும் அவர்களே, தடயத்தை அழித்ததும் அவர்களே, புகாரைத் தடுத்ததும் அவர்களே. அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. தி.நகரிலும் அடையாற்றிலும் பயிற்சிக்குப் போன தோழிகள் சொன்ன கதைகளும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்தன.

பி.எட். பாடத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கு இடம் இருக்கிறது. ஸ்லைடு செய்வதும் ஸ்மார்ட் போர்டை இயக்குவதும் தெரியும். இப்படி ஒரு காலையில் முதல் ஒரு மணி நேரம் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் சட்டம். "நிஜப் படம் இல்லையே, ஏதோ ஆப்பில் செய்ததுதானே" என்ற சமாதானம் செல்லாது. போக்சோ சட்டத்தின் 2019 திருத்தப்படி, மாற்றிச் செய்யப்பட்டு ஒரு குழந்தையைக் காட்டுவதுபோல் தோன்றும் ஆபாசப் படமும் குழந்தை ஆபாசப் படம்தான். அதை இணையத்தில் வெளியிட்டாலும் பரப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்கீழ் முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வைத்திருப்பதும் ஆபத்து. அப்படி வைத்திருந்ததற்காகச் சென்னையில் பதிவான ஒரு வழக்கை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பகிரும் நோக்கத்தோடு, அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதே குற்றம், அந்த நோக்கத்தைச் சூழ்நிலையிலிருந்தே முடிவு செய்யலாம் என்றது. ஆகவே ஆசிரியர்களே, ஆதாரம் என்ற பெயரில்கூட அந்தப் படத்தை உங்கள் போனுக்கு வாங்காதீர்கள்.

ஆதாரத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஒரு தாளில் எழுதுங்கள்: பதிவின் லிங்க், கணக்கின் பெயர், பார்த்த தேதியும் நேரமும், எந்தக் குழு, முதலில் யார் போனில் தெரிந்தது. கணக்கின் பெயர் தெரியும் முகப்புப் பக்கத்தையும் மிரட்டல் வாசகங்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம், படத்தை எடுக்காதீர்கள். செய்தி வந்து சேர்ந்த போனை அப்படியே விட்டு, அன்றைக்கே போலீசிடம் காட்டுங்கள். மாணவியின் பெயரையோ பள்ளியின் பெயரையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

நடந்தது தெரிந்தும் சொல்லாமல் விடுவதும் போக்சோவில் குற்றம்: 19ஆம் பிரிவு தகவல் சொல்லச் சொல்கிறது, 21ஆம் பிரிவு சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை என்கிறது. "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நாளைக் கடத்தும் தலைமையாசிரியர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். செய்தவனும் பள்ளிப் பையன் என்றால் அவனுக்கு இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது, திருத்துவதுதான் அதன் நோக்கம். டி.சி. கொடுத்து அனுப்பினால் எதுவும் தீராது.

பக்கத்திலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். "இது சைபர் கிரைம், அங்க போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். நகராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் நீட்டினால், அதோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அது மனு வந்ததற்கான அத்தாட்சி, எஃப்.ஐ.ஆர். அல்ல. பதிவு செய்ய மறுத்தால் அதே மனுவைத் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றுக்கும் தனித்தனித் துணை ஆணையர்கள் இருக்கிறார்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு தைரியம்: மகளை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. போக்சோ 24ஆம் பிரிவுப்படி வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்கலாம். கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது.

நேரில் போகத் தயங்கினால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பெயரோடு தந்தால் புகார் எண் கிடைக்கும், நிலவரம் பார்க்கலாம். மிரட்டலுக்குப் பயந்து பணம் அனுப்பியிருந்தால் அந்த நிமிடமே 1930.

படத்தை இறக்குவது தனி வேலை, வழக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். லிங்க்கை எழுதி வைத்துக்கொண்டு செயலியிலேயே புகார் செய்யுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் அசையாவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே முறையிடலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையும் இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் சேவையில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும்.

அந்த ஆண்டுவிழாப் படம் பள்ளியின் சொந்தப் பக்கத்திலிருந்துதான் போயிருந்தது, முகம், பெயர், வகுப்பு எல்லாவற்றோடும். விழா முடிந்த இரவே இருநூறு படங்களை ஏற்றும் அவசரம் எதற்கு? பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒரு முகத்தையும் போடாதீர்கள்.

வந்ததை அப்படியே தள்ளிவிடும் பழக்கத்துக்கு ஆபாசம், வதந்தி என்ற வித்தியாசம் கிடையாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் தமிழ்நாட்டில் எத்தனையோ பெற்றோர் ஊசி வேண்டாம் என்றார்கள். 2018 மே மாதம் போளூர் அருகே, கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். அதே 2018-ல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளைத் தொடங்கியது. நாம் இன்னும் ஸ்மார்ட் போர்டு எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

பயிற்சியின் கடைசி வாரம் நானே ஒரு பாடவேளை எடுத்தேன். மழைக்காலத்தில் ஆட்சியர் பெயரில் சுற்றும் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' அறிவிப்பு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, உண்மையா பாருங்கள் என்றேன். தேதி போன வருடத்தது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பையன் எழுந்து, "அந்தப் படத்தையும் யாரு மொதல்ல போட்டாங்கன்னு இப்படிக் கண்டுபிடிக்கலாமா மிஸ்?" என்றான். அது போலீஸ் வேலை, யாருக்கும் அனுப்பாமல் வந்து சொல்வது உன் வேலை என்றேன். "யார்கிட்ட மிஸ்?" என்றான். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 இரண்டையும் கரும்பலகையின் மூலையில் எழுதினேன். அழித்துவிட வேண்டாம் என்று அடுத்த பாடவேளைக்கு வந்த ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.