தீயரணில் முகவரிக் குத்தகைப் பட்டியல்: வாசிப்பும் மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

கல்வி நிறுவன வலையமைப்புகள் பலவற்றில், கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் பணியைத் தீயரணே மேற்கொள்கிறது. அது பேணும் குத்தகைப் பட்டியலை, அவ்வேளையில் இணைந்துள்ள கருவிகளின் வருகைப் பதிவேடாகக் கொள்வோர் உளர். அப்பட்டியல் வருகைப் பதிவேடு அன்று. வழங்கி அளித்த, கால வரம்புடைய உறுதிமொழிகளின் தொகுப்பு. இவ்வேறுபாடு பட்டியலை வாசித்தல், காலம் வரையறுத்தல், பதிவை நீக்குதல், சான்றாகக் கொள்ளுதல் ஆகியவற்றில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிஎச்சிபி, தீயரண், குத்தகைக் காலம், மேக் முகவரி, நிலை ஒதுக்கீடு

முன்னுரை

1985இல் வரையறுக்கப்பட்ட பூட்பி நெறிமுறையில், எக்கருவிக்கு எம்முகவரி என்பதை நிர்வாகி முன்கூட்டியே அட்டவணையாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. 1993இல் வெளிவந்த டிஎச்சிபி நெறிமுறை இந்நிலையை மாற்றியது. அதன் திருத்தப்பட்ட வரையறை 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2131 என வெளியிடப்பட்டது. முகவரியை நிலையாக உரிமையாக்காமல், குறித்த காலத்திற்கு மட்டும் வழங்குவதே இதன் அடிப்படை. இதனையே ‘குத்தகை’ என்கிறோம்.

குத்தகையின் இயக்கம்

புதிய கருவி ஒன்று வலையமைப்பில் இணையும்போது தேடல், முன்மொழிவு, கோரிக்கை, ஒப்புதல் என நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும், கருவி தனக்கு முகவரி தந்த வழங்கியிடமே புதுப்பித்தலைக் கோரும். மறுமொழி கிடைக்காவிடின், 87.5 விழுக்காடு கழிந்தபின் எந்த வழங்கியிடமும் கோரும். காலம் முழுமையாக முடிந்தும் புதுப்பிக்கப்படாத முகவரியைக் கருவி கைவிட வேண்டும். ஆகவே, குத்தகை தொடங்கியபின் அடுத்த தொடர்பைத் தொடங்கும் பொறுப்பு வழக்கமாகக் கருவியினுடையதே.

பட்டியலை வாசித்தல்

பிஎஃப்சென்ஸ் போன்ற தீயரண்களில் இப்பட்டியல் ஐபி முகவரி, மேக் முகவரி, கருவிப் பெயர், தொடக்க நேரம், முடிவு நேரம் ஆகியவற்றைக் காட்டுகிறது. குத்தகை ‘செயலில் உள்ளது’ என்பது, காலம் இன்னும் முடியவில்லை என்பதை மட்டுமே உணர்த்தும். மாணவர் மடிக்கணினியுடன் வளாகத்தை விட்டுச் சென்றபின்னும் அப்பதிவு நீடிக்கலாம். கருவி இணைப்பில் உள்ளதா என்பது ஏஆர்பி அட்டவணையிலிருந்து தனியே அறியப்படுகிறது. மறுதலையாக, முகவரியைக் கைமுறையாக அமைத்துக்கொண்ட கருவி, இணைப்பில் இருந்தும் குத்தகைப் பட்டியலில் இடம்பெறாது.

காலம் வரையறுத்தல்

100 முகவரிகள் கொண்ட தொகுப்பு ஒன்றைக் கொள்வோம். மணிக்கு 40 புதிய கருவிகள் வந்து, ஒரு மணி நேரம் இருந்து செல்கின்றன. குத்தகைக் காலம் 24 மணி நேரமாயின், மூன்றாம் பாடவேளையில் 120 முகவரிகள் தேவைப்பட்டு, 20 கருவிகளுக்கு இணைப்புக் கிடைக்காது. அறையில் இருப்போரோ 40 பேர் மட்டுமே. காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தால், சென்ற அணியின் முகவரிகள் அடுத்த ஒரு மணி நேரத்திற்குள் மீளும். எவ்வேளையிலும் 80க்கு மேல் தேவைப்படாது. அச்சுப்பொறி, கோப்பு வழங்கி போன்றவற்றுக்கு, தொகுப்பின் எல்லைக்கு வெளியே நிலை ஒதுக்கீடு செய்வது பொருத்தமானது.

பதிவை நீக்குதல்

முகவரிப் பற்றாக்குறை நேரும்போது, செயலிலுள்ள பதிவுகளை நீக்கிவிடும் போக்கு காணப்படுகிறது. இந்நீக்கம் வழங்கியின் நினைவை மட்டுமே அழிக்கிறது. கருவிக்கு எவ்வறிவிப்பும் செல்வதில்லை. அது பழைய முகவரியையே தொடர்ந்து பயன்படுத்தும். அதற்குள் அம்முகவரி வேறொரு கருவிக்கு வழங்கப்படின் முகவரி மோதல் நிகழும். வழங்குமுன் சோதித்தறியும் வசதி சில வழங்கிகளில் உண்டெனினும், சோதனைச் செய்திக்கு மறுமொழி தராத கருவியை அதனால் அறிய இயலாது. ஒருவரின் அணுகலைத் தடுக்க வேண்டின், தீயரண் விதியே அதற்குரிய கருவி. குத்தகை நீக்கம் அன்று.

சான்றாகக் கொள்ளுதல்

பிழையின் விளைவு மிகக் கடுமையாவது இவ்விடத்திலேயே. ஒரு முறைகேடு குறித்த விசாரணையில் ‘இம்முகவரி யாருடையது?’ எனக் கேட்பது முழுமையான வினா அன்று. ‘இன்ன நேரத்தில் யாரிடம் இருந்தது?’ என்றே கேட்க வேண்டும். காலையில் ஒருவரிடம் இருந்த முகவரி மாலையில் மற்றொருவரிடம் இருக்கலாம். ஐஎஸ்சி டிஎச்சிபி வழங்கியின் குத்தகைக் கோப்பு, இயல்பாக நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிகிறது. இந்திய நேரம் முற்பகல் 10.30 எனில் அங்கு 05.00 என இருக்கும். இந்த ஐந்தரை மணி வேறுபாட்டைக் கவனியாத விசாரணை, தொடர்பற்ற மாணவர் மீது பழி சுமத்தக்கூடும்.

மேக் முகவரியும் ஆளடையாளம் ஆகாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதலான பதிப்புகளில் கைப்பேசிகள் புனைந்த மேக் முகவரியைப் பயன்படுத்துகின்றன. பதினாறடிமான எழுத்துமுறையில் அதன் இரண்டாம் குறியீடு 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பின், அது உற்பத்தியாளர் இட்ட முகவரி அன்று என அறியலாம்.

முடிவுரை

குத்தகைப் பட்டியல் முகவரி மேலாண்மைக்காக அமைந்தது; ஆளை அடையாளம் காண்பதற்காக அன்று. தொகுப்பின் அளவுக்கும் பயனரின் வருகைப் போக்குக்கும் ஏற்பக் காலத்தை வரையறுப்பது பற்றாக்குறையைத் தீர்க்கும் முறையான வழி. குத்தகை நிகழ்வுகளை நேரம் ஒத்திசைக்கப்பட்ட தனி வழங்கியில் சேமித்து, பயனர் உள்நுழைவுப் பதிவுகளோடு ஒப்பிட்ட பின்னரே ஒருவரைப் பொறுப்பாக்கும் முடிவுக்கு வருதல் வேண்டும்.